ஈஸ்டர் விடுமுறையில் ஐந்து நாட்கள்

மகள் ஏ-லெவலுக்கு உளவியல் எடுத்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டாள். சிக்கல் வந்தது இறுதி வருட ஈஸ்டர் விடுமுறையில். லண்டனில் ஒரு தனியார் கல்லூரியில் ஐந்து நாள் மீள்பார்வை வகுப்பு, காலையிலிருந்து மாலை வரை. கட்டணத்தைக் கேட்டதும் யாழ்ப்பாணத்து ரியூட்டரிக் கொட்டகைகள் ஞாபகம் வந்தன. "இஞ்ச வந்தும் ரியூசன்தானா?" என்று மனைவியிடம் முணுமுணுத்தேன்.

இந்த வியாபாரத்தின் பழைய கதையைத் தேடிப் போனால் அது நம் பக்கத்துக் கதையாகவும் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்களின் தயவில் கிடைத்துவந்த இந்திய சிவில் சர்வீஸ் வேலைகளுக்கு 1855இல் லண்டனில் போட்டித் தேர்வு வைத்தார்கள். தேர்வு வந்ததும் அதற்குத் தயார்செய்கிறவர்களும் வந்தார்கள். 'திணிப்பவர்கள்' என்று அவர்களை நக்கலாகச் சொன்னார்கள். வால்டர் ரென் என்பவர் நடத்திய நிலையம் பேர்பெற்றது. திணித்துப் படித்தவன் ஆளத் தகுதியானவனா என்ற முறுமுறுப்பும் கூடவே எழுந்தது. 1870களில் தேர்வெழுதும் உச்ச வயதை 21இலிருந்து 19க்குக் குறைத்தார்கள். அடி விழுந்தது கடல் கடந்து வந்து எழுதவேண்டியிருந்த இந்தியப் பையன்களுக்கு. சுரேந்திரநாத் பானர்ஜி ஊர் ஊராகப் போய் இதை எதிர்த்துப் பேசினார்.

இந்தச் சண்டைக்கு நடுவில், 1877இல், பொருளியலாளர் ஸ்டான்லி ஜெவன்ஸ் திணிப்பைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். வெளியானது 'மைண்ட்' இதழில். உளவியலுக்கும் தத்துவத்துக்குமாக அதற்கு முந்தைய வருடம்தான் தொடங்கிய இதழ் அது. எல்லாரும் திட்டிக்கொண்டிருந்ததை ஜெவன்ஸ் இரண்டாகப் பிரித்தார்: நல்ல திணிப்பு, கெட்ட திணிப்பு. ஒழுங்காகத் திட்டமிட்டுப் பயிற்றுவது நல்லது, விளங்காமல் விழுங்கவைப்பது கெட்டது. எட்டு வருடம் கழித்து, 1885இல், ஹெர்மன் எபிங்ஹவுஸ் தன்னையே சோதித்த கணக்கை ஜெர்மனியில் வெளியிட்டார். பொருளற்ற அசைகளை ஒரே மூச்சில் 68 தடவை படித்ததும் மூன்று நாளில் பிரித்து 38 தடவை படித்ததும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. ஐந்து நாள் வகுப்புக்குக் காசு கட்டும் அப்பனுக்கு இது உவப்பான செய்தி இல்லை.

ஆனால் வகுப்புகளுக்குக் கூட்டம் சேர்வதற்குக் காரணம் தேர்வுமுறையிலும் இருக்கிறது. முன்பு முதல் வருடப் பரீட்சையின் புள்ளிகளும் இறுதி முடிவில் சேரும். 2015 செப்டம்பரில் இங்கிலாந்தில் தொடங்கிய புதிய பாடத்திட்டம் அதை எடுத்துவிட்டது. மகள் எழுதியதில் இரண்டு மணி நேர வினாத்தாள்கள் மூன்று, ஒவ்வொன்றுக்கும் 96 புள்ளி. இரண்டு வருடப் படிப்பு முழுக்க அந்த ஆறு மணி நேரத்தில் தொங்குகிறது.

மூன்றாம் நாள் இரவு சாப்பாட்டு மேசையில் கேள்வி கேட்கச் சொன்னாள். மில்கிராமின் கீழ்ப்படிதல் ஆய்வில் எத்தனை பேர் என்று கேட்டேன். "நாற்பத்தைஞ்சு." அட்டையில் 40 என்றிருந்தது. 45 என்பது கார் விபத்துப் படம் காட்டி, கேள்வியில் ஒரு சொல்லை மாற்றி, சாட்சியின் வேக மதிப்பீட்டையே மாற்றிய லோஃப்டஸ், பாமர் ஆய்வின் எண்ணிக்கை. அவள் சிரித்தாள், பிறகு முகம் சுருங்கியது.

"இதுக்குப் பேர் இண்டர்ஃபியரன்ஸ் அப்பா. ஒரே மாதிரியானதைப் பக்கத்துப் பக்கத்தில படிச்சால் குழம்பும். இதையும் இண்டைக்குத்தான் படிச்சனாங்கள்."

"அப்ப காசு வீணா?"

"தெரியாது. மார்க் குறைஞ்சால் யூனிவர்சிட்டி போயிடும்."

ஐந்தாம் நாள் கடிகாரம் வைத்து ஒரு 16 புள்ளிக் கேள்வி எழுதவைத்தார்களாம். கோட்பாட்டை விவரிக்க 6 புள்ளிதான், அதை எடைபோட 10. அவள் பக்கம் பக்கமாக விவரித்துவிட்டு எடைபோடுவதைக் கடைசி இரண்டு வரியில் முடித்திருந்தாள். ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் காட்டிக்கொடுத்தாராம். ஜெவன்ஸ் சொன்ன நல்ல திணிப்பு இதுதானோ என்று நினைத்தேன். எங்கள் ரியூட்டரியில் முந்நூறு பேர் இருந்தோம், என் விடைத்தாளை ஒருவரும் பார்த்ததில்லை.

அதன்பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் அட்டைகளைக் கொண்டுவந்தாள். எனக்குக் கண்ணாடி போட்டாலும் அவளுடைய எழுத்து விளங்குவதில்லை.

"மில்கிராம்?"

"நாற்பது."