பாராங் கத்தியும் பால் வெட்டும்

மலேசியாவில், மலாக்காவின் ஜாசின் மாவட்டத்தில் செர்காம், மெர்லிமாவ் என்று எங்கே போனாலும் தமிழர் வாயில் ‘பாராங் கத்தி’ என்றுதான் வரும். மலாய்க்காரருக்குப் ‘பாராங்’ என்றாலே போதும். புதர் அடிக்கவும் தேங்காய் பிளக்கவும் ஆகும் கனத்த, அகன்ற வெட்டுக்கத்தி அது. அப்படியிருக்க நாம் ஏன் கூடவே ஒரு ‘கத்தி’யை ஒட்டுகிறோம்?

‘நடுசென்டர்’ போன்ற பிழை என்று இதைச் சிரித்துத் தள்ள முடியாது. சாரை என்றாலே பாம்புதான். ஆனாலும் சாரைப்பாம்பு என்கிறோம். சிறப்புப்பெயரையும் பொதுப்பெயரையும் இணைக்கும் இதை இலக்கணம் இருபெயரொட்டுப் பண்புத்தொகை என்கிறது. வெளியிலிருந்து வந்த ஆயுதங்களைத் தமிழ் இப்படித்தான் வீட்டுக்குள் சேர்த்தது. வடக்கிலிருந்து வந்த சூரி சூரிக்கத்தி ஆனது. தேளைக் குறிக்கும் இந்திச் சொல்லில் பிறந்த பிச்சுவாவும் பிச்சுவாக்கத்தி ஆனது. கத்தி தெலுங்கு, கன்னடம், மலையாளத்திலும் உள்ள சொல். கன்னடத்தில் அது வாளையே குறிக்கும். தமிழில் அது பொதுப்பெயராகி, முன்னால் எந்தப் பெயர் வந்தாலும் தாங்கிக்கொள்கிறது.

பெயர் இப்படித் தாராளமாக இருக்க, வினை கறாராக இருக்கிறது. சூரியால் குத்துவார்கள், பாராங்கால் வெட்டுவார்கள். சவரக்கத்தி மழிக்கும், பேனாக்கத்தி சீவும். கத்தி மழுங்கினால் கல்லில் தீட்டலாம், இல்லையேல் சாணை பிடிக்கக் கொடுக்கலாம். இந்தச் சோடிகளை மாற்றிச் சொன்னால் காதுக்கு உறுத்தும்.

தோட்டத்தில் மட்டும் ஒரு சோடி தடம் மாறியது. ‘மரம் வெட்டப் போறேன்’ என்றால் மதுரைக்காரர் மரம் சாயப்போகிறது என்று நினைப்பார். ரப்பர் தோட்டத்தில் அதற்குப் பொருள் பால் எடுப்பது. வேலையைக் கிட்டே நின்று பார்த்தால் அது வெட்டே அல்ல. கத்தியின் வளைந்த வாய் பட்டையில் இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கி, மெல்லிய சீவலை மட்டும் எடுக்கும். கட்டையைத் தொட்டுவிட்டால் மரத்துக்குக் காயம். ஆறிய இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அடுத்த முறை கத்தி ஓடாது. சரியாகச் சீவினால் பால் கோடு வழியே வழிந்து ‘மங்கு’ என்னும் கிண்ணத்தில் சேரும்.

அமேசான் காட்டில் ஒரு காலத்தில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பாலெடுத்தார்கள். பழைய கோட்டையே மெல்லச் சீவிப் புதுப்பிக்கும் முறையை 1890களில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ரிட்லி வகுத்தார். அவர் தூண்டுதலில் டான் சே யான் என்பவர் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பின்னர் தோட்டங்கள் பெருகி, வேலைக்கு வந்த தமிழர் கையில் கத்தி ஏறியபோது, பனையேறிகளின் ‘சீவு’ தமிழில் தயாராகவே இருந்தது. ஆனாலும் நிலைத்தது ‘வெட்டு’தான். கன்னியாகுமரி ரப்பர் தோட்டங்களிலும் ‘பால் வெட்டு’ என்றே சொல்கிறார்கள்.

ரப்பர் இருந்த இடத்தில் இன்று பெரும்பாலும் செம்பனை என்னும் எண்ணெய்ப்பனை. குட்டை மரத்தில் உளியால் குத்தித் தள்ளினாலும், நெட்டை மரத்தில் கழியில் கட்டிய அரிவாளால் இழுத்தாலும், குலையை ‘வெட்டுவது’ என்றே பேச்சு. கருவி மாறியும் வினை மாறவில்லை. மலேசியத் தமிழுக்கு அகராதி தொகுப்பவர்கள் பாராங்கையும் மங்கையும் தவறாமல் சேர்ப்பார்கள், அவை பார்த்ததும் புதிதாகத் தெரியும். ‘மரம் வெட்டு’ பழைய சொல்லாகத் தோன்றுவதால்தான் கண்ணில் படாமல் போகும். முதலில் பதிய வேண்டியது அதைத்தான்.