துருத்திக்குழலும் முரசும்: ஸ்கொத்லாந்து மலைநாட்டு விழாக்களின் பாண்ட் அணிகள் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

ஸ்கொத்லாந்தின் வடபுல மலைநாட்டிலும் அதனையடுத்த நகரங்களிலும் கோடைகாலந்தோறும் நடைபெறும் 'ஹைலன்ட்' விழாக்களிலே மக்கள் மனத்தை முதலிற் கவர்வன பாக்பைப் என வழங்கும் துருத்திக்குழலும் முரசும் இணைந்த பாண்ட் அணிகளேயாகும். கட்டமிட்ட கம்பளி ஆடையுடுத்து, ஒரே அடிவைப்பில் மைதானத்தினுள் நுழையும் இவ்வணிகளைக் காண்போர், மிகப் புராதனமான குலமரபுச் சமுதாயமொன்றின் குரலையே தாம் கேட்பதாகக் கருதுவர். விழா அமைப்பாளரும் அவ்வாறே கூறுவர். ஆயின் பிரித்தானிய இராணுவத்திலே குழலோருக்கு உத்தியோகபூர்வமான இடம் 1854இலேயே வழங்கப்பட்டது; எடின்பரோவையும் கிளாஸ்கோவையும் இணைத்த புகையிரதப் பாதை திறக்கப்பட்டதோ 1842இல். குழலும் முரசும் சேர்ந்த அணி என்ற இவ்வமைப்பு புகையிரதத்தை விட இளையது. எனினும் அவ்வணியினர் கையிலுள்ள வாத்தியம் பல நூற்றாண்டுப் பழமையுடையது. பழைய வாத்தியம் புதிய அமைப்பினுள் எவ்வாறு வந்து சேர்ந்தது, அதற்கிடையில் அதனை வாசித்த மக்களுக்கு நேர்ந்தது என்ன என்பனவே இக்கட்டுரையில் நாம் நோக்க விழையும் வினாக்களாகும்.

முதலில் வாத்தியத்தைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். தோற்பையில் வாயால் ஊதி நிரப்பிய காற்றைக் கைமடிப்பினால் அழுத்த, ஒன்பது சுரங்களையுடைய குழலொன்று இசையை எழுப்பும். தோளின்மேற் சாய்த்த மூன்று நெடுங்குழல்கள் இடையறாது ஒரே சுருதியை இசைத்துக்கொண்டிருக்கும். நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுவோன் செய்யும் பணியை இங்கு வாசிப்போனே தன் தோளிற் சுமக்கிறான் எனலாம். காற்று தடைப்படாமையால் ஒலியை நிறுத்தவோ கூட்டிக் குறைக்கவோ இயலாது. ஆகவே ஒரு சுரத்தை அடுத்த சுரத்திலிருந்து பிரித்துக் காட்டுவதற்கு மிக நுண்ணிய அணிச்சுரங்கள் தேவைப்பட்டன. இவ்வாத்தியத்தின் அழகியல் அதன் இயலாமையிலிருந்தே வளர்ந்தது என்று கூறுவது மிகையன்று.

இவ்வாறு வளர்ந்த இசையின் உச்சம் 'பெருவிசை' எனப் பொருள்படும் 'கியோல் மோர்' ஆகும். நிதானமான அடிப்படைப் பண்ணொன்றை எடுத்து, படிப்படியாக அணிச்சுரங்களைப் பெருக்கி விரித்து, இறுதியில் மீண்டும் அப்பண்ணுக்கே திரும்பும் தனிவாசிப்பு அது. இரங்கல், வரவேற்பு, போருக்கு அழைப்பு என அதன் பொருட்பரப்பு விரியும். இதனை ஆசிரியர்கள் ஏட்டில் எழுதிக் கற்பிக்கவில்லை. 'கன்டராக்' எனப்படும் அசைகளை வாயாற் பாடியே கற்பித்தனர். மிருதங்கச் சொற்கட்டுகளைப் பயின்றோருக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது. இங்கு முரசுக்கு இடமில்லை என்பதும், அணி வாசிப்புக்கு இடமில்லை என்பதும் மனங்கொளத்தக்கன.

இத்தகைய கலை நிலத்தின்மீதே நின்றது. ஸ்கை தீவின் டன்வேகனிலிருந்து ஆட்சிசெய்த மக்கிளவுட் குலத்தலைவர்களுக்கு மக்கிரிமன் குடும்பத்தார் பரம்பரைக் குழலோராயிருந்தனர். அவர்களது வாழ்வுக்கு ஆதாரமாகப் பொரரெய்க் என்னுமிடத்தில் நிலம் விடப்பட்டிருந்தது. மாணவர் பலர் அங்கு சென்று கற்றனர். கோயிற் சேவைக்காக மானியம் பெற்று வாழ்ந்த நம் இசைக் குடும்பங்களின் நிலையோடு இதனை ஓரளவிற்கு ஒப்பிடலாம். குலத்தலைவன் குத்தகை வசூலிக்கும் நிலவுடைமையாளனாக மாறத் தொடங்கியபோது, குழலோனுக்கு விடப்பட்ட நிலம் வருவாய் தராத நிலமாக அவனுக்குத் தோன்றியது இயல்பே. 1773இல் அத்தீவுகளில் யாத்திரை செய்த சாமுவேல் ஜோன்சன், மக்கிரிமன் கல்லூரி இன்னும் முற்றாக அழிந்துவிடவில்லை என்றும், மல் தீவிலிருந்த மற்றொன்று ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்னர் மறைந்துவிட்டதென்றும் குறித்துச் சென்றார்.

இம்மறைவுக்கு வழக்கமாகக் கூறப்படும் காரணம் வேறு. 1746 ஏப்ரல் 16ஆந் திகதி கலோடன் போர்க்களத்தில் ஸ்டுவர்ட் வம்சத்தாரின் கிளர்ச்சி முறியடிக்கப்பட்ட பின்னர், இலண்டன் அரசாங்கம் துருத்திக்குழலைத் தடைசெய்தது என்பது அக்காரணம். விழா மலர்களில் இக்கதை இன்றும் அச்சாகிறது. ஆயின் அவ்வாண்டில் நிறைவேறிய சட்டம் ஆயுதங்களையும் மலைநாட்டு உடையையும் தடுத்ததேயன்றி, வாத்தியத்தின் பெயரை எங்கும் சொல்லவில்லை. ஜேம்ஸ் ரீட் என்னும் குழலோன் யோர்க் நகரில் அவ்வாண்டு நவம்பரில் தூக்கிலிடப்பட்டான் என்பதும், மலைநாட்டுப் படை குழலின்றி நடப்பதில்லையாதலால் குழலும் போர்க்கருவியே என நீதிமன்றம் கருதியதாகக் கூறப்படுவதும் உண்மையே. ஒரு தீர்ப்பு வேறு, ஒரு தடைச்சட்டம் வேறு. தடைக்கதை ஏன் இத்துணை செல்வாக்குப் பெற்றது என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு: பழியை முழுவதும் இலண்டன்மீது சுமத்திவிட்டால், தம் குலத்தலைவர்களே குழலோரின் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டனர் என்ற கசப்பான செய்தியைப் பேச வேண்டியதில்லை.

குழலோரை உள்வாங்கிக்கொண்டது இராணுவமே. மலைநாட்டிலிருந்து படைதிரட்டுதல் ஏழாண்டுப் போர்க் காலந்தொட்டுப் பெருகியது. படையிற் சேர்ந்தோர் பலர் தம் குடும்பத்தின் குத்தகை நிலத்தைக் காப்பாற்றும் பொருட்டே சேர்ந்தனர். 1778இல் சீஃபோர்த் பிரபு திரட்டிய 78ஆம் படைப்பிரிவின் வரலாறு இவ்வகையில் எமக்கு மிக முக்கியமானது. லீத் துறைமுகத்தில் கப்பலேறுமாறு பணிக்கப்பட்ட அவ்வீரர்களிடையே, தாம் கிழக்கிந்தியக் கம்பனிக்கு விற்கப்பட்டுவிட்டோம் என்ற செய்தி பரவிற்று. சம்பளப் பாக்கியும் இருந்தது. அவர்களிற் பெருந்தொகையினர் கப்பலேற மறுத்து, மேற்போர்வைகளையே கம்புகளிற் கட்டிக் கொடியாக உயர்த்தி, குழல் முழங்க எடின்பரோ நகரையொட்டிய ஆதர்ஸ் சீற் குன்றிலேறிச் சில நாள் தங்கினர். நகர மக்கள் உணவு கொண்டுசென்று கொடுத்தனர். மன்னிப்பும், பாக்கிச் சம்பளமும், கிழக்கிந்தியாவுக்கு அனுப்புவதில்லை என்ற உறுதியும் பெற்ற பின்னரே அவர்கள் கீழிறங்கினர். இராணுவக் குழலின் வரலாற்றை எழுதுவோர் பலர் வெற்றிக் களங்களையே அடுக்குவர். குழல் கலகத்துக்கும் முன்னின்றது என்பதை ஓரிரு வரிகளிற் கடந்துவிடுவர்.

கொடுத்த உறுதி நிலைக்கவில்லை. 1781இல் அதே படைப்பிரிவு இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டது. வழியிலே சீஃபோர்த் பிரபு இறந்தார். ஸ்கர்வி நோயினால் இருநூறு வீரர்களுக்கு மேல் மாண்டனர். எஞ்சியோர் 1782இல் சென்னையில் இறங்கினர். பின்னர் 72ஆம் இலக்கம் பெற்ற அப்பிரிவே 1795 ஓகஸ்டில் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றிய படையிற் பங்குகொண்டது. நிலமிழக்கும் அச்சத்தினாற் படையிற் சேர்ந்த ஒரு மக்கட் கூட்டம், பிறருடைய நிலத்தைப் பேரரசுக்குச் சேர்த்துக்கொடுக்கும் கருவியாயிற்று.

அக்காலத்திலேயே போட்டி விழாக்களும் தோன்றின. இலண்டனில் வாழ்ந்த மலைநாட்டுப் பிரபுக்களும் கனவான்களும் 1778இல் நிறுவிய சங்கம், 1781இல் பால்கேர்க் மாட்டுச் சந்தையையொட்டி முதலாவது குழற்போட்டியை நடத்தியது. பின்னர் அது எடின்பரோவுக்கு மாற்றப்பட்டது. நிலமானியம் போய்ப் பரிசில் வந்தது. புரவலன் முன் வாசித்தவன் இப்போது நடுவர் முன் வாசிக்கலானான்.

அதே நிலவுடைமை வர்க்கம் தன் நிலங்களிலிருந்து மக்களை வெளியேற்றி ஆடுகளைக் குடியேற்றிக்கொண்டிருந்தமையை இதனோடு இணைத்தே நோக்கவேண்டும். சதர்லன்ட் பெருநிலத்தில் நிகழ்ந்ததை மார்க்ஸ் 'மூலதனம்' முதற் பாகத்தில் விரிவாக எடுத்துக்காட்டினார்: 1814 முதல் 1820 வரை ஏறத்தாழ 15,000 பேர் வெளியேற்றப்பட்டு, 1825 அளவில் அவர்களது இடத்தை 131,000 ஆடுகள் பிடித்துவிட்டன என்பது அவர் தரும் கணக்கு. ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் வீடுகள் எரிந்ததும், அதற்காகக் குற்றஞ்சாட்டப்பட்ட பற்றிக் செலர் 1816இல் விடுதலையானதும் பதிவிலுள்ளவை. ஆறு ஆண்டுகள் கழித்து, 1822இல் நான்காம் ஜோர்ஜ் மன்னன் எடின்பரோவுக்கு வந்தபோது, நாவலாசிரியர் வால்ட்டர் ஸ்கொட் அமைத்த காட்சியில் மன்னனே மலைநாட்டு உடையணிந்து நின்றான். மலைநாட்டு மக்கள் குறையக் குறைய மலைநாட்டுக் கோலம் பெருகியது.

பிரேமார் விழாவும் இச்சூழலிலேயே உருப்பெற்றது. அதன் தொடக்கத்தில் தச்சர்கள் நிறுவிய பரஸ்பர உதவிச் சங்கமொன்று இருந்தது என்பதை இன்று பலர் நினைப்பதில்லை. 1832இல் விளையாட்டுப் போட்டிகள் தொடங்கின; 1848இல் விக்டோரியா மகாராணி வந்தார்; 1866இல் சங்கத்தின் பெயரோடு 'அரச' என்ற அடைமொழி சேர்ந்தது. நோயுற்ற தொழிலாளிக்கு உதவவென்று எழுந்த அமைப்பு அரச குடும்பத்தின் கோடைப் பொழுதுபோக்கிடமாயிற்று.

ஹொப்ஸ்போமும் ரேஞ்சரும் பதிப்பித்து 1983இல் வெளியான 'மரபின் புனைவு' பற்றிய தொகுப்பில், ட்ரெவர்-ரோப்பர் இம்மலைநாட்டு மரபு முழுவதும் பிற்காலப் புனைவே என்று வாதிட்டார். உடையைப் பொறுத்தவரை அவர் வாதத்திற் பெரும்பகுதியை ஏற்கலாம். இசையைப் பொறுத்தவரை எமக்கு உடன்பாடில்லை. கியோல் மோர் எவராலும் அரங்கேற்றத்துக்காகப் புனையப்பட்டதன்று. அது வாய்வழியாக வந்தது. புனையப்பட்டது அதனைச் சூழ்ந்த சட்டகமே. மேலும், புனைவு என்று கூறி நின்றுவிடும் ஆய்வு, அப்புனைவைப் பிற்காலத்தில் உழைக்கும் மக்கள் எடுத்து எவ்வாறு தமதாக்கினர் என்பதைக் காணத் தவறுகிறது.

பாண்ட் அணியின் வரலாறு அதற்குச் சான்று. இராணுவத்தில் நடைக்குத் தாளம் வேண்டும். ஆகவே குழலோர் முரசோரோடு இணைக்கப்பட்டனர். அங்கிருந்து இவ்வமைப்பு இறங்கி வந்த இடம் மலைநாட்டுக் கிராமமன்று, கைத்தொழில் நகரம். கிளாஸ்கோவையடுத்த கப்பற்கட்டுப் பட்டினமான கொவனின் பொலிஸ் அணி 1883இல் தோன்றியது. இரும்பும் நிலக்கரியும் விளைந்த ஷொட்ஸ் வட்டாரத்தில் 1910இல் ஷொட்ஸ்-டைக்ஹெட் அணி எழுந்தது. 1947இல் உலகச் சாம்பியன் பட்டத்தைப் பெற்றது பைஃப் பகுதியின் பௌஹில் நிலக்கரிச் சுரங்க அணியாகும். அடுத்த ஆண்டு ஷொட்ஸ் வென்றது. சுரங்கத் தொழிலாளரின் ஆண்டு விழா ஊர்வலங்களிலும் இவ்வணிகள் சங்கக் கொடிகளோடு நடந்தன. ஷொட்ஸ் அணியின் தலைமை முரசோன் அலெக்ஸ் டதார்ட், சுவிற்சர்லாந்தின் பாசெல் நகர முரசு முறைகளையும் உட்கொண்டு, நடைக்குத் தாளமாயிருந்த முரசைக் குழலோடு உரையாடும் வாத்தியமாக உயர்த்தினார். போட்டியின்போது அணியினர் வட்டமாக உள்நோக்கி நின்று, பார்வையாளருக்கு முதுகு காட்டி வாசிப்பர். முதன்முறை காண்போருக்கு இது வியப்பளிக்கும். ஒருவரையொருவர் கேட்பதே அவர்களுக்கு முதன்மையானது.

இதற்கு மாறாக, பெருவிசையின் பாதுகாப்பு மேட்டுக்குடியினர் கையிலேயே இருந்தது. 1903இல் நிறுவப்பட்ட சங்கத்தின் முக்கிய பதிப்பாசிரியரான கில்பெரியைச் சேர்ந்த ஆர்ச்சிபால்ட் கம்பல், பஞ்சாபில் நீதிபதியாயிருந்த ஆட்சிச் சேவையாளர். அச்சேறிய பாடத்தையே போட்டிகள் அளவுகோலாகக் கொண்டமையால், வாய்மரபின் பல்வேறு வேறுபாடுகள் ஒதுக்கப்பட்டன. பெண்களுக்கோ, ஓபன், இன்வர்னஸ் தனிப்போட்டி அரங்குகள் 1975ஆம் ஆண்டின் பால் பாகுபாட்டுச் சட்டத்தின் பின்னரே திறந்தன.

இக்கோலத்தின் பெயர்கள் எம் மலையகத்திலும் ஒட்டிக்கொண்டுள்ளன. அக்கரப்பத்தனையில் பல்மோரல், கிளாஸ்கோ, கிளென்லயன், வேவர்லி எனத் தோட்டங்கள் உள. ஸ்கொத்லாந்துத் துரைமார் தம் தாயகத்தின் பெயர்களை இட்டனர்; வேவர்லி, ஸ்கொட்டின் நாவற்பெயர். பிற மண்ணிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர் லயங்களில் அப்பெயர்களைச் சொல்லிச் சொல்லித் தமதாக்கினர்.

1987இல் கிளாஸ்கோவில் உலகப் பட்டம் முதன்முறையாக ஸ்கொத்லாந்துக்கு வெளியே சென்றது. வென்றது கனடாவின் ஒன்ராறியோ மாகாண அணி. அதன் பெயர் '78ஆம் ஃபிரேசர் ஹைலன்டர்ஸ்'. அப்பெயருக்குரிய படையை 1757இல் திரட்டிய சைமன் ஃபிரேசர், 1745 கிளர்ச்சியிற் பங்குகொண்டவர். அவருடைய தந்தை அக்கிளர்ச்சிக்காக 1747இல் இலண்டனில் தலை வெட்டப்பட்டவர். மகன் திரட்டிய படை 1759இல் கியூபெக்கில் போரிட்டது. 1763இல் கலைக்கப்பட்டபோது வீரர் பலர் அங்கேயே நிலம் பெற்றுக் குடியேறினர்.