ஒளிக்கோல் அளந்த உருவம்

கல்லில் வடித்த உருவத்தைக் கண்டு வியத்தல் எளிது. அதன் வடிவத்தை மயிரிழையும் பிசகாமல் அளந்து வைத்தல் அரிது. சுவருக்கும் தூணுக்கும் நீள அகலம் கூறிவிடலாம். சுருண்ட தலைமுடிக்கும் மடங்கிய விரலுக்கும் எந்த அளவுகோலை வைப்பது? இவ்வினாவுக்கு இத்தாலி நாட்டில் கிடைத்த விடையை ஈண்டுக் காண்போம்.

மைக்கலாஞ்சலோ 1501 முதல் 1504 வரை உழைத்து, ஒரே சலவைக்கல்லில் செதுக்கிய தாவீது சிலை, புளோரன்ஸ் நகரின் திறந்த சதுக்கத்தில் நிறுத்தப்பட்டது. 1527ஆம் ஆண்டுக் கலவரத்தில் அதன் இடக்கை உடைந்தது. 1873இல் அக்கடேமியா கூடத்துள் வைத்துக் காத்தனர். அங்கும் 1991இல் ஒருவன் சுத்தியலால் தாக்கி இடக்கால் விரலொன்றைச் சிதைத்தான். கல்லும் நிலையானதன்று என்பதற்கு வேறு சான்று வேண்டா.

உருவத்தைப் பதிந்து வைக்க முன்னோர் அறிந்த வழி, சிலையின் மேனியில் சாந்து பூசி அச்செடுப்பதே. அவ்வாறு எடுத்த படியொன்று 1857இல் விக்டோரியா மகாராணியாருக்கு அன்பளிப்பாக அனுப்பப்பட்டு, இன்றும் இலண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆயினும் சாந்து கல்லைத் தொடுகிறது, ஒளியோ தொடுவதில்லை.

1999இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் லெவாய் தலைமையிலான குழுவினர் லேசர் கருவியுடன் அச்சிலையை அணுகினர். கருவியிலிருந்து லேசர் ஒளி மெல்லிய கோடாகச் சிலைமேல் விழும். மேடு பள்ளங்களுக்கேற்ப அக்கோடு வளையும். பக்கவாட்டில் உள்ள படக்கருவி அவ்வளைவைப் பதிவு செய்யும். நில அளவையாளர் கையாளும் முக்கோணக் கணக்கின்படியே, ஒவ்வொரு புள்ளியும் எங்குள்ளது எனக் கணினி கணித்துவிடும். கால் மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி வீதம், 22 பேர் 30 இரவுகள் பாடுபட்டு, ஏறத்தாழ 200 கோடி சிறு பரப்புகளாக அவ்வுருவத்தைக் கணினியில் ஏற்றினர். இடையூறுகளும் இல்லாமல் இல்லை. சலவைக்கல் ஒளியைச் சிறிது உள்வாங்கிச் சிதறச் செய்தது. ஆழ்ந்த மடிப்புகள் சில ஒளிக்கு எட்டவே இல்லை.

இம்முயற்சியில் எவரும் எதிர்பாராத செய்தி ஒன்று வெளிப்பட்டது. சிலையின் உயரம் 434 சென்டிமீட்டர் என்றே கலை வரலாற்று நூல்கள் பலவும் ஒன்றைப் பார்த்து ஒன்றாக எழுதி வந்தன. அதனை நம்பிச் செய்த சாரம் எட்டாமற்போக, அதன் உயரத்தைக் கூட்ட வேண்டியதாயிற்று. பீடம் நீங்கலாக உண்மை உயரம் 517 சென்டிமீட்டர்! ஆயிரமாயிரம் பேர் நாள்தோறும் அண்ணாந்து பார்த்த சிலையின் உயரத்தில், ஏறக்குறைய முக்கால் மீட்டருக்கும் மேலான பிழை ஏட்டில் நிலைத்திருந்தது.

பின்னர் அதே சிலை மீண்டும் ஒளியால் அளக்கப்பட்டு, அவ்வளவின்படி உருவாக்கிய முழு உருவப் படி 2021இல் துபாய் உலகக் கண்காட்சியின் இத்தாலி அரங்கில் இடம்பெற்றது.

பழம்பொருளைப் பேணும் பொறுப்புடையோர் இதனின்று கொள்ளத்தக்கவை இரண்டு. ஏட்டில் உள்ளதையும் பொருளோடு ஒப்பிட்டுப் பார்த்தல் ஒன்று. பொருள் பழுதுபடுமுன் அதன் வடிவத்தைப் பதிந்து வைத்தல் மற்றொன்று. உடைந்த பின் வருந்துவதால் வடிவம் மீளாது. முன்னரே அளந்து வைத்திருந்தால் மீட்க வழியுண்டு.