அளவுகோலும் சூட்டுக்கோலும்

"மண்டையில் ஏறாது, பிறவி அப்படி!" என்று ஒரு சிறுவனை ஒதுக்கிவிடுவது எளிது. அறிவு என்ன, பிறந்த அன்றே அளந்து கட்டிவைத்த மூட்டையா? வரலாறு பதில் கூறுகிறது, தோழர்களே!

1905-இல் பாரிசிலே ஆல்பிரட் பினேயும் சிமோனும் ஓர் அறிவு அளவுகோலைச் செய்தனர். பின்தங்கிய பிள்ளைகளைக் கண்டறிந்து கைகொடுக்க! 1913-இல் அமெரிக்காவிலே காடார்டு குழுவினர், எல்லிஸ் தீவில் வந்திறங்கிய ஏழைகளை அதே முறையால் அளந்து, பலரை 'மூளை குன்றியோர்' என்றனர். அளவுகோல் சூட்டுக்கோலாயிற்று!

ருசியாவிலே லெவ் வைகாட்ஸ்கி வேறு வழி கண்டார். யூதர் அவர். ஜார் ஆட்சியில் மாஸ்கோப் பல்கலைக்கழகம் யூதருக்குத் தந்தது நூற்றுக்கு மூன்று இடம். 1913-இல் அதற்கும் குலுக்கல்! பிறப்பைக் காட்டிக் கதவடைக்கும் கொடுமையை அறிந்தவர்.

அவர் தந்த எடுத்துக்காட்டு: சிறுவர் இருவர். தனித்து விடை எழுதினால் இருவருக்கும் எட்டு வயது அறிவே. சிறிது வழிகாட்டியதும், ஒருவன் ஒன்பது வயதினர்க்குரியதைச் செய்தான். மற்றவனோ பன்னிரண்டு வயதினர்க்குரியதையே செய்தான்! தேர்வு காட்டியது நேற்றைய விளைச்சலை. துணை காட்டியது நாளைய முளையை. சிந்தனை முதலில் மனிதரிடையே மலர்ந்து, பின்னரே மனத்துள் குடிபுகுகிறது என்றார்.

1934-இல், 37 வயதில், காசநோய்க்கு இரையானார். 1936-இல் சோவியத் ஆணை குழந்தை ஆய்வுத் துறையையே ஒடுக்கிற்று. முடங்கிய அவர் எழுத்து 1956-இல் மீண்டும் அச்சேறியது.

கடைசி வரிசைச் சிறுவனை 'மக்கு' என்னுமுன் கேட்போம்: அவனுக்கு இதுவரை கைகொடுத்தவர் யார்?