முங்கேர் துப்பாக்கி

ஒன்பதாவது படிக்கும் என் பையன் கம்ப்யூட்டரில் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தான். நடுவில் தலையைத் திருப்பி, "அப்பா, ஏ.கே-47 வீட்டிலேயே செய்ய முடியுமாமே, நிஜமா?" என்று கேட்டான். அவன் அம்மா என்னை முறைத்தாள். துப்பாக்கி வாங்கித் தந்தவனே நான்தான் என்பது போல.

"செய்ய முடியாது, சேர்க்க முடியும்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. புரிய வைக்க பிகாரில் ஒரு ஊரின் கதையைச் சொல்ல வேண்டும். முப்பது வயதில் அங்கே இரண்டரை வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். ஊர் பெயர் முங்கேர்.

நம் ஆட்களுக்கு முங்கேர் என்றால் யோகா பள்ளி ஞாபகம் வரலாம். ரயில்வேக்காரர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் ஜமால்பூர் தெரியும். 1862-ல் அங்கே தொடங்கியதுதான் இந்தியாவின் முதல் பெரிய ரயில் பட்டறை. பிகாரில் மற்றவர்களைக் கேட்டால் ஒரே பதில்தான்: துப்பாக்கி.

கதை மீர் காசிமில் ஆரம்பிக்கிறது. 1760-ல் ஆங்கிலேயர்கள் மாமனார் மீர் ஜாபரை இறக்கிவிட்டு மருமகன் மீர் காசிமை வங்காள நவாப் ஆக்கினார்கள். பொம்மையாக இருப்பான் என்று நினைத்தார்கள், ஆனால் ஆள் கணக்குப்பிள்ளை மாதிரி. கஜானாவைச் சரி செய்தார், கடனை அடைத்தார். கல்கத்தாவின் கண்ணில் படாமல் இருக்கத் தலைநகரை முர்ஷிதாபாத்திலிருந்து முங்கேர் கோட்டைக்கு மாற்றினார். படையைக் குர்கின் கான் என்ற ஆர்மீனியரிடம் கொடுத்தார். அந்த மனிதர் அதற்கு முன் துணி வியாபாரம் செய்தவர். பீரங்கி வார்க்கவும் துப்பாக்கி செய்யவும் அங்கே பட்டறைகள் எழுந்தன.

அந்தக் காலத்தைப் பற்றி குலாம் உசேன் கான் பாரசீகத்தில் எழுதிய சரித்திரம் ஒன்று உண்டு, பெயர் சியார்-உல்-முதாக்கரீன். 1789-ல் கல்கத்தாவில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. மொழிபெயர்த்தவர் அடிக்குறிப்பில் ஒரு தகவல் தருகிறார். முங்கேர் துப்பாக்கிகளையும் லண்டன் டவரில் சோதித்து அனுப்பிய துப்பாக்கிகளையும் கம்பெனி அதிகாரிகளே ஒப்பிட்டுப் பார்த்து, முங்கேர் சரக்குதான் மேல் என்றார்களாம். முங்கேரில் டீக்கடையில் உட்கார்ந்தால் இந்த விஷயத்தை யாராவது சொல்லாமல் விட மாட்டார்கள். மூலநூலைப் படித்திருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம்.

சண்டை துப்பாக்கியால் வரவில்லை, சுங்கத்தால் வந்தது. (பி.காம் படித்தவன் இந்த இடத்தைத் தாண்டிப் போக முடியுமா?) கம்பெனிக்காரர்கள் தஸ்தக் என்ற வரிவிலக்குச் சீட்டைத் தங்கள் சொந்த வியாபாரத்துக்கும் பயன்படுத்தினார்கள். உள்ளூர் வியாபாரி வரி கட்டி நொந்தான். மீர் காசிம் 1763-ல் எல்லோருக்குமே உள்நாட்டுச் சுங்கத்தை எடுத்துவிட்டார். தன் வருமானத்தைத் தானே வெட்டிக்கொண்டார், ஆனால் கம்பெனியின் சலுகைக்கு அர்த்தமே இல்லாமல் போனது. அதே வருஷம் போர். அக்டோபரில் முங்கேர் விழுந்தது, குர்கின் கானைச் சொந்தப் படையினரே கொன்றார்கள். மறு வருஷம் பக்சாரில் எல்லாம் முடிந்தது.

நவாப் போனார், கைத்தொழில் போகவில்லை. அப்பன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது. 1878-ன் ஆயுதச் சட்டம் வந்து எல்லாவற்றுக்கும் லைசென்ஸ் என்றாக்கியது, 1959-ல் வந்த நம் சட்டமும் அதே வழிதான். நான் போனபோது முப்பதுக்கும் மேற்பட்ட லைசென்ஸ் பட்டறைகள் ஒரே வளாகத்துக்குள் இருந்தன. ஒற்றைக் குழல், இரட்டைக் குழல் பன்னிரண்டு போர் துப்பாக்கிகள் செய்வார்கள். திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதாக இருக்காது. வைஸ், அரம், குனிந்த முதுகு, தரையெல்லாம் இரும்புத் தூள்.

அவர்களின் பெரிய வாடிக்கையாளர்களில் நாங்களும் உண்டு. வங்கி வாசலில் கார்டு தோளில் மாட்டியிருக்கிறாரே, அந்தத் துப்பாக்கி பெரும்பாலும் இந்த ரகம்தான்.

ஒரு முறை எங்கள் கிளைத் துப்பாக்கி வருடாந்திர சோதனையில் வெடிக்கவில்லை. வளாகத்திலிருந்து ஒரு வயதான மிஸ்திரி வந்தார். துப்பாக்கியைத் திறந்து மூடினார், காதருகே வைத்து விசையைத் தட்டினார், மறுபடி தட்டினார். "வலது பக்கம் ஊசி தேய்ந்திருக்கிறது சாப், இடது பக்கம் நன்றாக இருக்கிறது" என்றார். பிரித்துப் பார்த்தபோது அப்படியே இருந்தது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைப்பது போலத்தான்.

அந்த மிஸ்திரிதான் சில மாதம் கழித்து மகனோடு வந்து கடன் கேட்டார். பழைய லேத் ஒன்று விலைக்கு வருகிறது, இரண்டு லட்சம் வேண்டும். துப்பாக்கி ஆர்டர் குறைந்துவிட்டது, புதிதாக யாருக்கும் லைசென்ஸ் கிடைப்பதில்லை, வாங்க ஆள் இல்லை. பம்ப் செட் பாகம், ரைஸ் மில் பாகம் செய்து பிழைத்துக்கொள்கிறோம் என்றார். பையனுக்கு இருபது வயது இருக்கும், ஒரு வார்த்தை பேசவில்லை, கை மட்டும் அப்பா கை மாதிரியே இருந்தது. மேனேஜர் என்னை உள்ளே கூப்பிட்டார். "ராத்திரி அந்த லேத்தில் என்ன ஓடும் என்று நீ போய்ப் பார்ப்பாயா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. "வருமான வாய்ப்பு திருப்திகரமாக இல்லை" என்று எழுதி, கையெழுத்தும் போட்டேன்.

பையனின் கேள்விக்கு வருகிறேன்.

மிகைல் கலாஷ்னிகோவ் டாங்கிப் படையில் இருந்தவர். 1941-ல் பிரியான்ஸ்க் அருகே காயம்பட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது துப்பாக்கி வடிவமைக்க ஆரம்பித்தார். 1949-ல் சோவியத் படை அவர் துப்பாக்கியை ஏற்றது. உள்ளே பாகங்கள் குறைவு, இடைவெளி தாராளம், மண்ணும் சேறும் போனாலும் ஓடும், கழற்றி மாட்டப் பெரிய கருவி வேண்டாம். இதைக் கேட்டால் எவனும் வீட்டில் செய்துவிடலாம் என்று தோன்றும்.

உண்மை வேறு. இஷெவ்ஸ்க் ஆலையில் முதலில் உடல் பகுதியைத் தகட்டில் அழுத்தி எடுக்கப் பார்த்தார்கள், கழிவு தாங்கவில்லை. திரும்பவும் இரும்புக் கட்டியைக் கடைந்தே எடுத்தார்கள். தகட்டு உடல் சரியாக வர 1959 ஆனது, அதற்குப் பெயர் ஏ.கே.எம். சோவியத் யூனியனுக்கே பத்து வருஷம்! கழற்றுவது சுலபமாக இருப்பதாலேயே செய்வதும் சுலபம் என்று ஆகாது. நம் திருச்சி ஆயுதத் தொழிற்சாலை ஏ.கே ரகத் துப்பாக்கி செய்கிறது, பெயரே திருச்சி அசால்ட் ரைபிள்தான். அமேதி பக்கம் கோர்வாவில் ஏ.கே-203க்குத் தனி ஆலை இருக்கிறது. இரண்டுமே பெரிய ஆலைகள்.

அதனால்தான் 2018-ல் முங்கேர் பெயர் மறுபடி பத்திரிகையில் வந்தபோது எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆகஸ்டில் மூன்று ஏ.கே-47 சிக்கின. பிறகு பர்தா என்ற கிராமத்தில் கிணற்றிலிருந்தெல்லாம் எடுத்தார்கள், மொத்தம் இருபதுக்கு மேல். இவை முங்கேரில் செய்தவை அல்ல. ஜபல்பூர் ராணுவக் கிடங்கில் ஒதுக்கி வைத்திருந்த துப்பாக்கிகளின் பாகங்கள் வெளியே வந்தன. ஓய்வுபெற்ற ஆயுத மெக்கானிக் ஒருவர் வீட்டில் வைத்துச் சேர்த்தார். ரயிலில் முங்கேர் போயின. போலீஸ் சொன்ன குற்றச்சாட்டு இதுதான். 2012 முதல் அறுபதுக்கு மேல் போயிருக்கும் என்றார்கள். வழக்கை என்.ஐ.ஏ எடுத்துக்கொண்டது.

அன்று ராத்திரி கைதானவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மிஸ்திரி மகன் பெயர் இல்லை. அடுத்த வாரமும் பார்த்தேன், இல்லை. நிம்மதி என்று சொல்ல முடியவில்லை. இரண்டு லட்சம் கொடுத்திருந்தால் ரைஸ் மில் பாகம் செய்திருப்பானா, மேனேஜர் சொன்னதுதான் நடந்திருக்குமா, எனக்குத் தெரிய வழியில்லை. அந்தக் காகிதத்தில் எழுதிய காரணம் உண்மையான காரணம் இல்லை, அது மட்டும் தெரியும்.

இப்போது இருக்கும் கிளையில் எங்கள் கார்டு முன்னாள் ஹவில்தார். பையனுக்குக் கதை சொன்ன மறுநாள், துப்பாக்கியைக் காட்டச் சொன்னேன். காலி செய்து, திறந்து, கொடுத்தார். குழல் ஓரத்தில் தேய்ந்த சின்ன எழுத்தில் முங்கேர்.

"சாப், இடது பக்கம் விசை கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறது. இந்த ஊரில் பார்க்க ஆள் இல்லை, இருந்த ஒரு கடையும் மூடிவிட்டார்கள்" என்றார்.

காதருகே வைத்துத் தட்டிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.