ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சென்னை: வான்தொலைவும் பயண நேரமும்

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் சுமார் 11 கி.மீ. இடைவெளியில் உள்ளன. இரண்டிலும் விமான நிலையம் இல்லை. அண்மையில் இருப்பது மதுரை விமான நிலையம். நேர்க்கோட்டில் அது ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஏறத்தாழ 62 கி.மீ., ராஜபாளையத்துக்கு 73 கி.மீ. ஆகவே இவ்வூர்களிலிருந்து சென்னைக்கான விமானப் பயண நேரம் என்பது பாதிக்கு மேல் தரையில் கழியும் நேரமே.

ரயில் வந்த காலத்திலும் இதே நிலைதான். மதுரை-தூத்துக்குடி ரயில்பாதை 1876இல் திறக்கப்பட்டது. விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), சாத்தூர் வழியாகச் சென்ற அந்தப் பாதை, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருந்த இவ்விரு ஊர்களையும் தொடவில்லை. ரயிலேற வேண்டியவர்கள் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு கிழக்கே போக வேண்டியிருந்தது. விருதுநகர்-தென்காசி மீட்டர் கேஜ் பாதை 1927இல் திறக்கப்பட்ட பிறகே இவ்வூர்களுக்குச் சொந்த ரயில் நிலையங்கள் கிடைத்தன. இடைப்பட்ட காலம் 51 ஆண்டுகள். பருத்தி வளர்ந்த ஒரு வட்டாரத்துக்கு இது மிக நீண்ட காத்திருப்பு. இந்தப் பாதை 2000களின் தொடக்கத்தில் அகலப் பாதையாக மாறியது. பொதிகை விரைவு ரயிலில் இரவு ஏறினால் சுமார் பத்து மணி நேரத்தில் சென்னை எழும்பூர் சேரலாம்.

விமானத்தின் கதை வேறு. சென்னை விமான நிலையத்துக்கும் மதுரை விமான நிலையத்துக்கும் இடையே வான்தொலைவு ஏறத்தாழ 418 கி.மீ. முன்பு மணிக்கு 480 கி.மீ. வேகத்தில் பறந்த ஃபாக்கர் பிரண்ட்ஷிப் விமானம் இத்தொலைவைச் சீரான வேகத்தில் கடக்க 52 நிமிடம் போதும். 830 கி.மீ. வேகமுள்ள போயிங் 737க்கு 30 நிமிடம். வேகம் இவ்வளவு கூடியும் மிச்சமாவது 22 நிமிடமே. ஓடுதளத்தில் ஊர்ந்து செல்வது, மேலேறுவது, இறங்குவதற்காக வேகம் குறைப்பது எல்லாம் சேர்வதால், கால அட்டவணையில் இப்பயணம் இன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல்தான் காட்டப்படுகிறது. குறுகிய வழித்தடத்தில் எஞ்சினின் வேகத்தால் பெரிய ஆதாயம் இல்லை.

மீதி நேரம் சாலையைப் பொறுத்தது. திருமங்கலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி வழியாகக் கொல்லம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 744தான் இவ்வூர்களின் விமான நிலையப் பாதை. விமான நிலையம் மதுரையின் தெற்குப் புறத்தில் இருப்பதால் நகர நெரிசலுக்குள் நுழைய வேண்டியதில்லை. இது தெற்கேயிருந்து வருபவர்களுக்குப் பெரிய வசதி. ஆயினும் காரில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், நிலையத்தில் முன்கூட்டிய காத்திருப்பு, பறக்கும் நேரம், சென்னையில் இறங்கி வீடு சேரும் நேரம் எல்லாம் கூட்டினால் ஐந்து மணி நேரம் ஆகிவிடும். இரவு ரயிலில் தூங்கிக்கொண்டே போகிறவருக்குப் பகற்பொழுது வீணாவதில்லை. விமானம் அன்றே திரும்ப வேண்டியவருக்கே உண்மையில் உதவுகிறது.

மற்ற விமான நிலையங்கள் இக்கணக்கை மாற்றவில்லை. தூத்துக்குடி வாகைக்குளம் ராஜபாளையத்திலிருந்து நேர்க்கோட்டிலேயே ஏறத்தாழ 96 கி.மீ. திருவனந்தபுரம் 127 கி.மீ.; நடுவே மலை குறுக்கிடுவதால் சாலைத் தொலைவு இன்னும் கூடும். திருமங்கலத்துக்கும் ராஜபாளையத்துக்கும் இடைப்பட்ட சுமார் 70 கி.மீ. சாலையை நான்கு வழியாக்கும் திட்டம் முழுமை பெற்றால் மிச்சமாகும் நேரம், ஃபாக்கரிலிருந்து போயிங்குக்கு மாறியதால் மிச்சமான 22 நிமிடத்துக்குக் குறையாது.