ஒரு கார், ரெண்டு சில்வர்

போன மாசம் என் காரோட முன்பக்க இடது கதவை ஒரு தண்ணி லாரி தடவிட்டுப் போச்சு. டிங்கர் பார்த்துட்டு, "தட்டி எடுத்தா பட்டிதான் சார் நிக்கும், கதவையே மாத்திடுங்க"ன்னுட்டார். புதுக் கதவு வெறும் பிரைமரோட வந்தது. கார் சில்வர் கலர். பெயிண்டர் அண்ணன் மட்டும், "பின் கதவுலயும் கொஞ்சம் இழுத்து விட்டாத்தான் சார் சேரும்"னார். அடிபடாத கதவுக்கு எதுக்கு பெயிண்ட்? பில்லை ஏத்தப் பாக்கறார்னு நினைச்சு, முடியவே முடியாதுன்னு சொல்லிட்டேன்.

பட்டறை டியூப்லைட்ல பார்த்தப்ப கனகச்சிதம். மறுநாள் ஆபீஸ் பார்க்கிங்ல, உச்சி வெயில்ல, முன் கதவு ஒரு சில்வர், பின் கதவு இன்னொரு சில்வர். சாயங்காலமே போய்க் கத்திட்டு, மீதி 1,500 ரூபாயைத் தர முடியாதுன்னு வந்துட்டேன். ராத்திரி தூக்கம் வரலை. வழக்கம்போல தோண்ட ஆரம்பிச்சேன். இந்தப் பதிவு அதோட விளைவு மக்களே, பொறுத்தருள்க :-)

இந்தத் தலைவலி ஏறக்குறைய இல்லாத காலம் ஒண்ணு இருந்திருக்கு. ஃபோர்டு மாடல் டி ஆரம்பத்துல சிவப்பு, பச்சை, சாம்பல்னு வந்தாலும், 1914-லேர்ந்து 1925 வரைக்கும் கறுப்பு மட்டும்தான். (ஃபோர்டு சொன்னதா எல்லாரும் எடுத்துவிடற அந்தக் கறுப்பு வசனம் உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்.) தார் வகையறா கலந்த எனாமலைப் பூசி, அடுப்புல சுட்டு எடுப்பாங்க. மட்கார்டு நசுங்கினா இன்னொரு கறுப்பு மட்கார்டு. முடிஞ்சது ஜோலி.

கலர் வேணும்னா பிரஷ்ஷால வார்னிஷ் அடிச்சு, காயவிட்டு, தேய்ச்சு, மறுபடி அடிச்சு... ஒரு வண்டிக்கு வாரக்கணக்கா ஆகும். இதை உடைச்சது டூபான்ட் கம்பெனியோட டூகோ. வெடிமருந்து, சினிமா பிலிம் ரெண்டுக்கும் மூலப்பொருளான அதே நைட்ரோசெல்லுலோஸ்தான், தெளிக்கற லாக்கரா மாறி வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1924 மாடல் ஓக்லாண்ட் கார்களை இதை வெச்சு 'ட்ரூ ப்ளூ'ங்கற நீலத்துல இறக்கினாங்க. பெயிண்ட் மணிக்கணக்குல காய்ஞ்சது. ஃபோர்டும் 1926 மாடலுக்குக் கலருக்குத் திரும்ப வேண்டியதாப் போச்சு.

என்னைக் கேட்டா, பெயிண்டர் அண்ணனோட கஷ்டம் பொறந்தது அப்பதான். லாக்கர் வெயில்ல மங்கும். பேக்டரி கோடு சொல்றது வண்டி பொறந்த அன்னிக்கு இருந்த நிறத்தை. பட்டறைக்காரர் பிடிக்க வேண்டியதோ இன்னிக்கு நிக்கற நிறத்தை.

அடுத்து வெளிச்சம். வேற வேற பிக்மென்ட் கலந்து செஞ்ச ரெண்டு பெயிண்ட் ஒரு விளக்குல ஒண்ணாத் தெரியும், இன்னொரு விளக்குல தெரியாது. மெட்டாமெரிசம்னு பேரு. ஜவுளிக்கடையில ப்ளவுஸ் துணியை எடுத்துக்கிட்டு வாசலுக்கு ஓடற நம்ம அம்மாக்களுக்கு இந்தப் பேர் தெரியாது, விஷயம் தெரியும். இதைக் கண்ணை நம்பாம அளக்கறதுக்காக எம்ஐடி பேராசிரியர் ஆர்தர் ஹார்டி வடிவமைச்ச ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரை 1935-ல ஜெனரல் எலெக்ட்ரிக் விற்பனைக்குக் கொண்டு வந்தது. நிறத்தை அலைநீளம் அலைநீளமா வளைகோடா வரைஞ்சு தரும்.

1958-ல வந்த காமிக்ங்கற மெஷினைப் பத்திப் படிச்சப்பதான் எனக்குள்ள இருக்கற பொட்டிதட்டி துள்ளிக் குதிச்சான். அது ஒரு அனலாக் கம்ப்யூட்டர். தேவையான நிறத்துக்கும் கலவைக்கும் இருக்கற வித்தியாசம் திரையில புள்ளிகளாத் தெரியும். ஒவ்வொரு குமிழும் ஒரு பிக்மென்ட். புள்ளியெல்லாம் நேர்க்கோட்டுக்கு வர்றவரைக்கும் குமிழைத் திருக வேண்டியது, அளவைக் குறிச்சுக்க வேண்டியது. கோடிங்கே இல்லாத ஒரு அழகான புரோகிராம்!

ஆனா என் கதவுல இருக்கற வில்லன் வேற. போருக்கு அப்புறம் அமெரிக்கக் கார்கள்ல பரவலான மெட்டாலிக் பெயிண்ட். உள்ள இருக்கறது பொடிப்பொடி அலுமினியத் தகடுங்க, ஒவ்வொண்ணும் ஒரு குட்டிக் கண்ணாடி. ஒரே டப்பா பெயிண்டைக் கொஞ்சம் ஈரமா அடிச்சா நிறம் இருட்டும், உலர்வா அடிச்சா வெளுக்கும். ஏன்னா தகடுங்க படுக்கற விதம் மாறிடுது. காத்தழுத்தம், கன் பிடிக்கற தூரம், பட்டறையில அன்னிக்கு அடிச்ச வெக்கை எல்லாத்துக்கும் இதுல பங்கு உண்டு. நேராப் பார்த்தா சேரும், சாய்ஞ்சு பார்த்தா சேராது. அதனாலதான் பின்னால வந்த கருவிகள் 15, 45, 110 டிகிரின்னு பல கோணத்துல அளக்குது. இவ்வளவுக்கும் அப்புறம் மிச்சம் நிக்கற வித்தியாசத்தை மறைக்கத்தான் பக்கத்துப் பேனல் வரைக்கும் நிறத்தை மெல்ல மெல்லக் கரைச்சு விடறாங்க. அதாவது, அண்ணன் சொன்ன அந்த "இழுத்து விடறது". உலகம் பூரா இதான் வழக்கம். நான்தான் வேண்டாம்னேன்.

நடுவுல ஒரு தமாஷ். 2011 மார்ச்ல ஜப்பான்ல பூகம்பமும் சுனாமியும் வந்தப்ப, ஃபுகுஷிமா பகுதியில ஓனஹாமாங்கற ஊர்ல இருந்த மெர்க் கம்பெனி ஆலை நின்னு போச்சு. சிராலிக்ங்கற மினுமினுப்பு பிக்மென்ட் அப்ப அங்க மட்டும்தான் தயாராச்சு. அது கிடைக்காம, ஃபோர்டு கம்பெனி 'டக்ஸீடோ பிளாக்' நிறத்துக்கு ஆர்டர் எடுக்கறதை நிறுத்திச்சு. ஆமா, ஃபோர்டுல கறுப்பு இல்லைன்னாங்க!

நேத்து பட்டறைக்குப் போயி 1,500 ரூபாயைக் கொடுத்துட்டு, "தப்பு என் பேர்லதாண்ணே"ன்னேன். அவர் எண்ணிக்கூடப் பாக்காம சட்டைப்பையில வெச்சுக்கிட்டு, ஆணியில தொங்கின அட்டைக் கட்டு ஒண்ணை எடுத்துக் காட்டினார். எல்லாம் என் கார் சில்வர், ஏழு அட்டை, ஏழும் ஒவ்வொரு மாதிரி. என் கதவுல அடிக்கறதுக்கு முன்னாடி அடிச்சுப் பார்த்ததாம். நாலாவதுதான் கிட்ட வந்ததுன்னு அதைத் தேர்ந்தெடுத்திருக்கார்.

பின் கதவுக்கு வர்ற ஞாயித்துக்கிழமை வண்டியை விடச் சொல்லியிருக்கார். காலைல பத்து மணிக்கு மேல, நல்லா வெயில் வந்தப்புறம்.